பால் இல்லாமல் சோறு இறங்காத மாப்பிள்ளை

முதலில் மணிச் சத்தம் வரும். பிறகு ஏலக்காய் வாசம். அதற்கும் பிறகு அறையின் திரைச்சீலை ஒரு சாண் விலகி, வளையல் போட்ட கை ஒன்று உள்ளே நீளும். கையில் பெரிய கண்ணாடிக் கிளாஸ். அதன் மேல் நூலால் பின்னிய வட்ட மூடி. ஈ விழாமலிருக்கப் பின்னியது, காற்றில் பறக்காமலிருக்க ஓரத்தைச் சுற்றி நீல மணிகள். அந்த மணிகள்தான் கிளாசில் தட்டிக் கிணுகிணுக்கும்.

"மருமகன், பாலக் குடிங்க."

கை மறைந்துவிடும். நானும் கிளாசும் மட்டும் மிஞ்சுவோம்.

போன வாரம் இந்தத் தொடரில் என் கலியாணத்தை எழுதி முடித்திருந்தேன். பிறகு என்ன நடந்தது என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். பிறகு வயிற்றுவலி நடந்தது. வேறு ஏதாவது எதிர்பார்த்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, யுத்தக் காலம். நான் கல்முனைக்குடிக்காரன், கடலுக்குப் பக்கத்து ஒழுங்கையில் பிறந்தவன். புதிதாக வேலை கிடைத்த விஞ்ஞான ஆசிரியன். பெண் எடுத்தது சம்மாந்துறையில். எடுத்தது என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. எங்கள் பக்கத்தில் பெண் எங்கேயும் போவதில்லை. ஆண்தான் ஒரு சூட்கேசோடு பெண் வீட்டுக்குப் போகிறான், போய் அந்த வீட்டு அறையில் உட்கார்ந்திருக்கிறான். நானும் உட்கார்ந்திருந்தேன். மஃரிபு தொழுதுவிட்டு வந்தால் மணிச் சத்தம். சுபஹு தொழுதுவிட்டு வந்தாலும் மணிச் சத்தம்.

பால் குடித்துச் சற்று நேரத்தில் தொப்புளைச் சுற்றி ஒரு முணுமுணுப்புத் தொடங்கும். பிறகு யாரோ உள்ளே உழவு மெசினை ஸ்டார்ட் பண்ணுவார்கள். வயிறு ஊதி இடுப்பில் சாரன் கட்டு இறுகும். இடப்பக்கம் ஒரு குத்து, வலப்பக்கம் ஒரு குத்து. கடைசியில் ஓட்டம்.

கக்கூஸ் கிணற்றடிக்கு அப்பால். அதற்குப் போக மாமா சாய்மனைக் கதிரையில் படுத்திருக்கும் விறாந்தையைத் தாண்ட வேண்டும்.

"யாரு?"

"நான்தான் மாமா."

"மருமகனா? நல்லம், நல்லம்."

திரும்பி வருவேன். "யாரு?" "நான்தான் மாமா." "நல்லம், நல்லம்." எது நல்லம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வேண்டாம் என்ற சொல்

'வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே' என்று கேட்பவர்கள் புது மாப்பிள்ளையாக இருந்திருக்க மாட்டார்கள்.

புது மாப்பிள்ளை வேண்டாம் என்றால் அவனுக்குக் கோபம் என்று அர்த்தம். கோபம் என்றால் ஏதோ குறை. குறை என்றால் மாமா தன் மச்சான்மாரைக் கூப்பிட்டுப் பேசுவார். அவர்கள் என்ன குறை என்று கண்டுபிடிப்பார்கள். இல்லாவிட்டாலும் கண்டுபிடிப்பார்கள். இத்தனையையும் தவிர்க்க ஒரு கிளாஸ் பால் குடிப்பது மலிவு.

பால் மட்டும்தானா? உறவுக்காரர்கள் முறை வைத்து விருந்துக்கு அழைத்தார்கள். நெய்ச்சோறு, மாட்டிறைச்சி, கோழிப் பொரியல், அதற்கு மேல் வட்டிலப்பம். தட்டில் சோறு குறைந்தால் யாராவது பின்னாலிருந்து அள்ளிப் போடுவார்கள். "மருமகன் கோழிக்குஞ்சி மாதிரிக் கொத்துறாரு" என்று ஒருவர் சொல்ல, அவமானம் தாங்காமல் இன்னொரு அகப்பை வாங்குவேன். இப்படித் தின்றால் யாருக்கும் வயிறு குத்தும்தானே என்று நானே எனக்குக் காரணம் சொல்லிக்கொண்டேன்.

நான் படித்தவன் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அந்த மாதங்களில் பத்தாம் ஆண்டுக்குச் சமிபாட்டுத் தொகுதி படிப்பித்துக்கொண்டிருந்தேன். இரைப்பையை இங்கிலிஸ் J எழுத்துப் போல அழகாக வரைவேன். பாலில் இருக்கும் இலக்டோசு என்ற வெல்லத்தைச் சிறுகுடலில் இலக்டேசு என்ற நொதியம் உடைக்கிறது என்று வெள்ளைச் சோக்கால் எழுதி, இலக்டேசின் கீழே சிவப்புச் சோக்கால் கோடும் போட்டேன். கோடு போட்டுக்கொண்டிருக்கும்போதே என் வயிறு இரைந்தது. முன்வாங்கில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். நான் வயிற்றைத் தடவிக்கொண்டு அடுத்த நொதியத்துக்குப் போனேன்.

ஊர் முழுக்க டொக்டர்

எங்கள் பகுதியில் தலையிடி வந்தால் பனடோல் தருவார்கள். வயிற்றுவலி வந்தால் கருத்துத் தருவார்கள். கருத்து இல்லாத ஆளே கிடையாது.

மாமா பார்த்த உடனேயே சொல்லிவிட்டார். "வாய்வு." அவருக்கு எல்லாம் வாய்வுதான். முதுகு பிடித்தால் வாய்வு, கண் துடித்தால் வாய்வு. ஒருமுறை உழவு மெசின் நின்றுபோனதற்கும் அதே சொல்லைச் சொன்னார். வாய்வுக்கு அவருடைய வைத்தியம் உள்ளிப் பூண்டைத் தட்டிப் பாலில் போட்டு அவிய வைத்துக் குடிப்பது. மாமி அவித்துக் கொடுத்தார். எனக்குத் துணையாக மாமாவும் ஒரு கிளாஸ் குடித்தார். துணை என்றால் உதட்டைத் துடைத்துக்கொண்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்கிற துணை.

மாமிக்கு அது கண்ணூறு. விருந்துகளில் நான் தின்றதைப் பார்த்து யாரோ வயிறெரிந்திருக்கிறார்களாம். நான் கொறிக்கிறேன் என்றுதான் எல்லாரும் குறை சொன்னார்கள், அதில் கண்ணூறு எங்கிருந்து வந்தது என்று கேட்க வாய் வந்தது. புது மாப்பிள்ளை வாய் என்பதால் திரும்பிப் போய்விட்டது. பள்ளிவாசல் லெவ்வையிடம் தண்ணீர் ஓதி வாங்குவதுதான் வழக்கம். மாமிக்கு வெறும் தண்ணீரைக் கொடுத்தனுப்ப மனம் வரவில்லை, ஒரு செம்புப் பாலைக் கொடுத்தனுப்பினார். லெவ்வை செம்பைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுக்கும் ஓதலாம்தான்" என்றாராம்.

நாட்டு வைத்தியம் பார்க்கிற பரிசாரி நாடி பிடித்துவிட்டுச் சூடு என்றார். வெந்தயமும் சீரகமும் பொடித்துத் தந்தார். நல்ல சாமான்கள், குற்றம் சொல்ல மாட்டேன். "எதுல கலந்து குடிக்கிற?" என்று மாமா கேட்டார். பரிசாரி கண்ணை மூடித் திறந்து, "பால்ல" என்றார்.

கடைசியில் பஜாரில் ஒரு டிஸ்பென்சரிக்குப் போனேன். இங்கிலிஸ் மருந்து பொய் சொல்லாது என்று நம்பிக்கை. அந்த டொக்டர் என் வயிற்றில் இரண்டு விரலால் தட்டினார். பறையில் தட்டியது மாதிரிச் சத்தம் வந்தது.

"கேஸ்ட்ரிக்" என்றார். "மாஸ்டர்மாருக்கெல்லாம் இரிக்கிற வருத்தம்தான். காலச் சாப்பாட்ட விடுற, வெறும் வயித்துல பிளேன்டீ குடிக்கிற, இல்லியா?"

"ஓம் டொக்டர். முந்தி அப்பிடித்தான்." சொல்லும்போது ஒரு யோசனை வந்தது. அப்போது ஒரு நாளும் குத்தவில்லையே.

"அதுதான். இனி வெறும் வயித்துல இரிக்கப்படா. இந்தக் குளிசையச் சப்பிப்போட்டுப் பாலக் குடிங்க."

நான்கு பேர் நான்கு வருத்தத்தின் பெயர் சொன்னார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் ஏற்கவில்லை. மருந்தில் மட்டும் ஊர் ஒற்றுமையாக இருந்தது. சமாதானப் பேச்சுக்குப் போகிறவர்கள் இவர்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

வயிற்றுவலிக்கு என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்டு எழுதுகிற வாசகர்கள் இருக்கிறார்கள். ஒரு தொடர் எழுதுகிறவனிடம் வயிற்றைக் காட்டுவது எங்கள் ஊர்ப் பழக்கம்தான், பரவாயில்லை. அவுக் அவுக்கென்று விழுங்காமல் சப்பித் தின்னுங்கள். தின்றதும் படுக்காதீர்கள். ஊதினால் கொஞ்சம் இஞ்சி போட்டுப் பிளேன்டீ குடியுங்கள், இல்லாவிட்டால் ஓமத்தண்ணி. குத்து வந்த நாளில் முன்னால் என்ன தின்றோம் என்று யோசியுங்கள், சந்தேகமானதைச் சில நாள் விட்டுப் பாருங்கள். காய்ச்சல், இரத்தம், விடாத வாந்தி, காரணமில்லாமல் மெலிதல், ஒரே இடத்தில் விடாத வலி இருந்தால் இந்தப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என்னைப் போல நான்கு பேரின் கருத்தை வாங்கிக்கொண்டு திரியாதீர்கள்.

பசு வந்த கதை

ஏன் இந்த வீட்டில் இவ்வளவு பால் என்று ஒருநாள் என் மனைவி பரீதாவிடம் கேட்டேன்.

"உங்களுக்குத்தான்" என்றாள். "உங்கட உம்மாதானே சொன்ன?"

கலியாணப் பேச்சு நடந்த அன்று நான் அங்கே இல்லை. மாடு விற்கிற இடத்தில் மாடு நிற்கலாம். மாப்பிள்ளை பேசுகிற இடத்தில் மாப்பிள்ளை இருக்கக்கூடாது. ஆண்கள் விறாந்தையில் கதைக்க, பெண்கள் உள்ளே பாயில் இருந்தார்களாம். மருமகன் என்ன விருப்பமாகச் சாப்பிடுவார் என்று மாமி கேட்டிருக்கிறார். எங்கள் உம்மா சொன்னாராம்: "அவன் ஒண்டும் பெரிசாக் கேக்கமாட்டான். பால் மட்டும் இரிக்கணும். பால் இல்லாட்டி அவனுக்குச் சோறு இறங்காது."

மாமி அதை மாமாவிடம் சொல்ல, மாமா வரிப்பத்தான்சேனைக்குப் போய்க் கன்றோடு ஒரு பசுவைப் பிடித்து வந்திருக்கிறார். மாவடிப்பள்ளிப் பக்கத்தில் அவர் வெள்ளாமை செய்யும் வயலோரம், காவல் வாடிக்குப் பக்கத்தில் அதைக் கட்டி, பாலைச் சைக்கிளில் வீட்டுக்கு எடுப்பித்தார். கலியாணத்துக்கு முன்பே எனக்காக ஒரு பசு காத்திருந்தது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

எங்கள் வீட்டில் பசும்பால் வந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. விடிந்தால் பால் விடாத பிளேன்டீ, மத்தியானம் சோறும் மீன் பாலாணமும். மஞ்சள் தூவி, பச்சைமிளகாய் கீறிப் போட்டு, தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சுகிற அந்த ஆணத்தில்தான் நான் வளர்ந்தேன். வாப்பா மௌத்தான பிறகு உம்மா இடியப்பம் அவித்து விற்று எங்களை வளர்த்தவர். பெரிய இடத்துச் சம்பந்தம் என்று பயந்து, மகனைக் கொஞ்சம் பளபளப்பாகக் காட்ட அள்ளி விட்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

இப்போது நான் பால் குடிப்பதில்லை என்றால் உம்மா பொய்காரி. ஆகவே குடித்தேன். வயிற்றை விட உம்மாவின் வாய் எனக்குப் பெரிது.

இடையில் ஒருமுறை சுற்றிவளைப்பும் ஊரடங்கும் வந்தன. மாவடிப்பள்ளி வீதி மூடிக் கிடந்தது. பசு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். வெளியே வெடிச் சத்தம், வயிற்றுக்குள் அமைதி. அந்த நாட்களில் நான் கல்லைத் தின்றாலும் செரித்திருக்கும். ஊரடங்கை எடுத்த உடனே உள்ளிப்பால் வேலை செய்துவிட்டது என்றார் மாமா. லெவ்வை ஓதினது என்றார் மாமி. பரிசாரியும் ஆள் அனுப்பித் தன் பங்கைக் கேட்டார். சுகமான சந்தோசத்துக்கு மாமி அன்று சாயங்காலமே சுண்டக் காய்ச்சிய பால் கொண்டுவந்தார். இஷாவுக்கு முன்னே நான் விறாந்தையைத் தாண்டினேன்.

"யாரு?"

சாச்சியின் கண்டுபிடிப்பு

மெலிந்து போனேன். கல்முனைச் சந்தையில் என்னைப் பார்த்த ஒருவர் உம்மாவிடம் போய், "உங்கட மகன் சாரனுக்குள்ள தேட வேண்டி இரிக்கி" என்றிருக்கிறார். உம்மா அழுதிருக்கிறார். பக்கத்தில் சாச்சி இருந்திருக்கிறார். அங்கேதான் வினை.

சாச்சி என்பது உம்மாவின் தங்கை. எந்த வீட்டில் என்ன நடந்தாலும் காரணம் அவரிடம் தயாராக இருக்கும். என் விசயத்தில் அவர் ஒரே சொல்தான் சொன்னார்: மருந்து.

வெளியூர் வாசகர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்கள் கிழக்குப் பக்கத்துக்கு வருகிற ஆண்களைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று தூரத்து ஊர்களில் ஒரு கதை உண்டு. பாயோடு ஒட்டிய ஒருவரை நான் இந்த வயது வரை காணவில்லை. பாயைவிட்டு எழும்பாதவர்களைக் கண்டிருக்கிறேன், அது சோம்பல். எங்களுக்குள்ளேயே அந்தக் கதைக்கு ஒரு சின்னத் தங்கை இருக்கிறது. மருமகனைக் கைக்குள் போட, பெண் வீட்டார் சாப்பாட்டில் மருந்து வைத்துவிட்டார்கள் என்பார்கள். அந்தச் சொல்லை ஒரு மாமியின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அந்தச் சம்பந்தம் நிற்காது. மாப்பிள்ளை தன் சூட்கேசைத் தூக்க வேண்டியதுதான்.

வயிறு போனால் போகட்டும் என்று இருந்தவன் நான். பரீதா போகக் கூடாது. மூன்று மாதத்துக்குள் அந்தப் பெண்ணை எனக்கு அவ்வளவு பிடித்துப் போயிருந்தது. இரவுச் சோற்றில் பாதியை யாருக்கும் தெரியாமல் தன் தட்டுக்கு மாற்றி என்னைக் காப்பாற்றியவள் அவள் ஒருத்திதான்.

நோன்பு பிடித்த வெற்றிலை

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது வாசலில் உம்மாவின் செருப்பும் சாச்சியின் செருப்பும் கிடந்தன. என் வயிறு பால் குடிக்காமலே இரைந்தது.

உள்ளே புதுப் பாய் விரித்து இருவரையும் இருத்தியிருந்தார் மாமி. உம்மா என்னைப் பார்த்ததும் எழும்பி வந்து என் கன்னத்தைத் தடவினார்.

"என்ன மனே, இப்பிடிப் போயிட்டா?"

நான் பதில் சொல்வதற்குள் மணிச் சத்தம். மாமி ஒரு தட்டில் இரண்டு கிளாஸ் கொண்டுவந்தார்.

"குடிங்க சம்மந்தி. பால் குடிக்கிற ஊட்டு ஆக்கள் நீங்க. நாங்களும் மருமகனுக்கு ஒரு நாளும் கொறை வைக்கல்ல. காலையிலயும் அந்திக்கும் குடுக்கிற."

"எனக்கு நோன்பு" என்று சாச்சி தன் கிளாசைத் தள்ளி வைத்தார். வாயில் வெற்றிலை, கடைவாயில் சிவப்புச் சாறு, நாக்கில் நோன்பு. மாமி அதைப் பார்த்தார்.

உம்மா கிளாசின் மூடியைத் தூக்கினார். பாலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் திடுக்கிடல் ஒன்று இருந்தது, அப்போது அதன் காரணம் எனக்குப் புரியவில்லை. பிஸ்மி சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கசாயம் குடிப்பது மாதிரி ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

சாச்சி நேரே சண்டைக்குப் போகிற ஆள் இல்லை. முதலில் வீட்டைப் பாராட்டினார். பிறகு மழையைப் பற்றிக் கதைத்தார். பிறகு யாரோ ஒரு மாப்பிள்ளை எங்கேயோ எலும்பும் தோலுமாகிப் போன கதையைச் சொன்னார். நல்ல சண்டைக்குச் சமையலைப் போல நேரம் எடுக்கும். அது கொதிக்க ஒரு மணித்தியாலமானது.

"எங்கட புள்ளையக் கூட்டிட்டுப் போகத்தான் வந்த" என்றார் கடைசியில்.

மாமியின் முகம் கறுத்தது. "என்ன கொறை கண்டீங்க?"

"கொறையா? கொறைச்சுக் குடுத்தாத்தானே கொறை. எல்லாத்துக்கும் மேலால ஒண்டு போட்டுக் குடுத்திரிக்கீங்களே."

"என்ன போட்ட?"

"மருந்து."

சொல்லிவிட்டார். விறாந்தையில் மாமாவின் கதிரை கிறீச்சிட்டது. மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அல்லாஹ்வே, என்ட கையால ஊத்திக் குடுத்தேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அறைத் திரை விலகியது. பரீதா வெளியே வந்து நேரே என்னிடம் சொன்னாள்.

"மச்சான், நீங்க வாயத் தொறந்து ஒண்டு சொல்லுங்க. இல்லாட்டி சூட்கேச நானே கட்டித் தாறன்."

வாயைத் திறந்தேன். ஒரு பக்கம் என் உம்மாவின் பொய், மறுபக்கம் மாமியின் மானம், நடுவில் பரீதா. ஒரு சொல்லும் வரவில்லை. கரும்பலகைக்கு முன்னால் மணிக்கணக்காகக் கதைக்கிற ஆள் நான்.

அப்போது ஒரு இரைச்சல் கேட்டது. எல்லாரும் என் வயிற்றைப் பார்த்தார்கள். அது என் வயிறு இல்லை.

உம்மா இரண்டு கையாலும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். நெற்றியில் வேர்வை.

சாச்சி துள்ளி எழும்பினார். "பாத்தீங்களா! பாத்தீங்களா! ராத்தாவுக்கும் போட்டுட்டாங்க! நான் தப்பினது என்ட நோன்பால!"

"வாய மூடு" என்றார் உம்மா. தங்கையிடம் அவர் அப்படிக் கதைத்ததை நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. "மருந்தும் இல்ல, மண்ணும் இல்ல. பால். எனக்குப் பால் சேராது. சின்னப் புள்ளையா இரிக்கக்குள்ள இருந்தே சேராது. குடிச்சா இந்தக் குத்துத்தான்."

மாமி சுவரிலிருந்து தலையைத் தூக்கினார். "அப்ப ஏன் சம்மந்தி குடிச்ச? மகனுக்குப் பால் இல்லாட்டிச் சோறு இறங்காது எண்டு நீங்கதானே சொன்ன?"

உம்மா பாயில் கிடந்த கிளாஸ் மூடியை எடுத்தார். அதன் நீல மணிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"நான் சொன்ன தேங்காப்பால். பாலாணம். எங்கட ஊட்டுல பால் எண்டா அதுதான் சம்மந்தி. நீங்க ஓடனே பசு வாங்குற கதை கதைச்சீங்க. அப்பத்தான் எனக்கு வெளங்கின, நீங்க வேற பால நெனச்சிட்டீங்க எண்டு. இல்ல, நாங்க பசும்பால் வாங்குற ஆக்கள் இல்ல எண்டு அத்தின பேருக்கு நடுவுல சொல்ல எனக்கு வாய் வரல்ல. ரெண்டு நாளைக்குக் குடுத்துட்டு மறந்திருவீங்க எண்டு நெனச்சன்."

"அப்ப மருமகன்ட குத்தும் பாலாலதான். அது உங்களுக்குத் தெரியாதா சம்மந்தி?" என்று கேட்டார் மாமி.

"தெரியா" என்றார் உம்மா. "அவனுக்குச் சேருமா, சேராதா எண்டு பாக்கக்கூட நாங்க ஒரு நாளும் வாங்கினதில்ல."

உம்மா அழவில்லை, வயிற்றைப் பிடித்தபடி நிமிர்ந்து இருந்தார். எனக்குத்தான் கண் நிறைந்தது. உம்மாவைப் பொய்காரி என்று மூன்று மாதமாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அவர் சொன்னதோ எழுத்துக்கு எழுத்து உண்மை.

மாமி பாயில் நகர்ந்து நகர்ந்து உம்மாவுக்குப் பக்கத்தில் வந்தார்.

"சம்மந்தி, இந்த ஊட்டுலயும் பிளேன்டீதான்" என்றார் மெதுவாக. "இவர் ஊருக்குள்ள பெரிய வயல்காரப் போடியார் மாதிரி நடந்து திரியிறாரே தவிர, உங்கட மகன் வாற வரைக்கும் எங்களிட்டப் பசு ஏது? பால் குடிச்சி வளந்த புள்ள, எங்களக் கொறைவா நெனச்சிரும் எண்டு பயந்துதான் பிடிச்ச."

விறாந்தையில் கதிரை மறுபடி கிறீச்சிட்டது. மாமாவிடமிருந்து 'நல்லம்' வரவில்லை.

முதலில் சிரித்தது பரீதா. பிறகு மாமி, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டே உம்மா. சிரிக்க முடியாதவர் சாச்சி மட்டும்தான், அவர் நோன்பாளி.

அன்று மத்தியானச் சாப்பாடு மிகவும் பிந்தியது. உம்மா அறையில் படுத்திருக்க, பரீதா துணியைச் சுடவைத்து அவர் வயிற்றில் ஒற்றினாள். மாமி இஞ்சி தட்டிக் கொதிக்க வைத்துக் கொடுத்தார். குத்து அடங்கியதும் உம்மா எழும்பிக் குசினிக்குப் போய்த் தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டார். மாமி பிழிந்தார். கடற்கரை ஊர்ப் பாலாணம் எப்படி என்று உம்மா சொல்ல, பாலை எப்போது விடுவது என்று இருவரும் கொஞ்சம் தர்க்கமும் பண்ணினார்கள். நான் மூன்று முறை சோறு வாங்கினேன். சாச்சி நோன்பைப் பாலாணத்தோடு திறந்தார், மஃரிபு பாங்குக்கு வெகு முன்பே.

பஸ்ஸுக்குப் போகும் வழியில் அவர் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். "மருந்து இல்லயாம், பால்தானாம். அந்தப் பாலுக்குள்ள என்ன இருந்ததோ, ஆருக்குத் தெரியும்?"

பால் சேராமல் போவது பரம்பரையாகவும் வரலாம் என்று பிறகு ஒரு படித்த டொக்டர் விளக்கினார். பாலை உடைக்கும் நொதியம் சிலருக்கு வளர வளரக் குறைந்துவிடுமாம். உடையாத பால் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்துக் காற்றாகிறதாம். தயிர் அவ்வளவு படுத்தாதாம். நொதியத்தின் பெயரையும் சொன்னார். ஆச்சரியமாகக் கேட்டுக்கொண்டேன், சிவப்புக் கோடு போட்டவன் நான்தான் என்று சொல்லிக்கொள்ளவில்லை. பசுவை விற்கலாம் என்று மாமி சொன்னபோது மாமா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. வாய்வுக்கு நல்லதாம்.

அந்த வெள்ளிக்கிழமை மஃரிபுக்குப் பிறகு அறையில் உட்கார்ந்திருந்தேன். மணிச் சத்தம் கேட்டது. பழக்க தோசத்தில் வயிறு ஒருமுறை இரைந்தது. திரை விலகிக் கை நீண்டது. மூடியைத் தூக்கிப் பார்த்தேன். பிளேன்டீ. ஆவியில் இஞ்சி மணம்.

கை இந்த முறை உடனே மறையவில்லை.

"மருமகன், இனி எது சேராட்டியும் வாயத் தொறந்து சொல்லிருங்க. நாங்க ஒண்டும் நெனைக்கமாட்டம்."

"ஓம் மாமி" என்றேன் உரத்து. மனதிலிருந்துதான் சொன்னேன்.

கை போய்விட்டது. ஒரு மிடறு குடித்தேன். பிளேன்டீக்குச் சீனி போட மறந்திருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.